தண்ணி லாரிக்கு ஒரு இங்கிலீஷ்

ஐயப்பன்தாங்கல் டிப்போவில் என்னோடு பஸ் ஏறும் அந்தப் பெண் எப்போதும் ஜன்னலோரம் உட்காருவார். நெற்றியில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு, மடியில் சாப்பாட்டுப் பை, ஒரு காதில் மட்டும் இயர்போன். வழியெல்லாம் முணுமுணுப்பார். போனில் யாரையோ திட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். காதைக் கொடுத்தால், "மாமியா, புட் அப் வித். தண்ணி லாரி, டர்ன் அப்" என்று போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"போன்ல பாடம் கேட்டு இங்கிலீஷ் கத்துக்கினு கீறேன்க்கா. வெள்ளிக்கெழம இன்டர்வியூ. அர்த்தத்த மட்டும் படிச்சா மண்டைல நிக்க மாட்டேங்குது. அதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள வெச்சுடுவேன். புட் அப் வித்னா சகிச்சுக்கிறது. அது மாமியா. டர்ன் அப்னா திடீர்னு வந்து நிக்கிறது. அது எங்க தெரு தண்ணி லாரி."

"கிவ் அப்புக்கு யாரு? விட்டுடறதுக்கு?"

"என் ஊட்டுக்காருதான். மாசா மாசம் சிகரெட்ட உடுவாரு."

இருவரும் சிரித்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கப் போனவர் படிக்கட்டில் திரும்பி, "உங்களுக்கும் ஒண்ணு வெச்சுகீறேன்க்கா" என்றார். என்னவென்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் இந்த பஸ்ஸில் வரவில்லை. வேலை கிடைத்திருக்க வேண்டும். இப்போது நான்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் அந்தப் பாடங்களைத் தேடித் தேடிக் கேட்கிறேன். அவர் எனக்கு வைத்தது எதுவென்று தெரியவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் பொருந்தித் தொலைக்கிறது.