ப்ளூடூத்தை நிறுத்திய ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பை வேகமாக்கினேன். அதில் என் மகளின் கல்யாணமே மாட்டிக்கொண்டது.

நாலு ஜிபி மெமரி. பிரவுசரைத் திறந்தாலே திணறும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், நான் ஒன்றும் திறக்காதபோதே முக்கால்வாசி மெமரி நிரம்பிக் கிடக்கிறது. பின்னணியில் அத்தனை சர்வீஸ்கள்! ஃபேக்ஸ் எதற்கு? இந்த வீட்டில் யார் வீடியோ கேம் ஆடுகிறார்கள்? ஒவ்வொன்றாக 'டிஸேபிள்' போட்டேன். ப்ளூடூத்தையும்தான் — என் மவுஸ் ஒயரில்தானே இருக்கிறது...

ரீஸ்டார்ட் செய்ததும் லேப்டாப் சுறுசுறுப்பாக எழுந்தது. எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் நித்யா வீடியோ காலில் வந்தாள். என் கணவர் ஒயரில்லாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பேக்டரியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் சத்தத்திலேயே காது மந்தமானவர். வழக்கமாக அவர் பேசி முடித்த பிறகுதான் என் முறை. அன்று ஸ்பீக்கரிலேயே சத்தம் வந்தது. நல்லதாகப் போயிற்று என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நித்யா சுற்றி வளைக்கவில்லை. கோலார் மாப்பிள்ளை, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடச் சொல்கிறாராம். கோலார் பக்கம் பாலகாட்டில் இருக்கும் என் அண்ணன் கொண்டுவந்த சம்பந்தம் அது. பூ வைத்தும் ஆயிற்று.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா. நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர் சிரித்தார். தலையாட்டினார். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லி வீடியோ காலை முடித்துவிட்டாள்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிச் சம்மதிக்கலாம் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"புள்ள ஏன் கண்ணத் தொடச்சிது?"

அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஹெட்போன் போட்டும் கேட்காததால், காது மொத்தமாகப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். சொன்னால் நாங்கள் பயந்துவிடுவோம் என்று சிரித்தே சமாளித்திருக்கிறார்.

நான் எதை நிறுத்தித் தொலைத்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தேவையில்லை என்றால் வீட்டில் யாருக்கும் தேவையில்லை — இப்படித்தானே நாம் முடிவுகட்டுகிறோம்?

ப்ளூடூத்தை மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஹெட்போன் கனெக்ட் ஆன சத்தம் காதில் விழுந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு, நித்யா சொன்னதை அவர் காதோரம் சத்தமாகச் சொன்னேன். கூடவே என் புலம்பலையும் — அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது, இனி வேறு நல்ல இடம் அமையுமா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவளுக்கு வீடியோ கால் போடச் சொன்னார்.

"அப்போ நீ சொன்னது எனக்குக் கேக்கலம்மா. ஹெட்போன் வேல செய்யல."

திரையில் அவள் முகம் மாறியது.

"இப்போ அம்மா சொல்லிச்சி. பதில் அதேதான்."

அவள் ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. சத்தமெல்லாம் இப்போது அவர் காதுக்குள்.

"அம்மா இன்னா சொல்றாங்கன்னு கேக்கறா" என்று ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

மாட்டிக்கொண்டேன். மனசுக்குள் ஆயிரம் கவலை. வாயில் வந்தது, "சாப்டியா?" மட்டும்தான்.

எங்கள் வீட்டில் அதற்கு 'சரி' என்று அர்த்தம்.