ஒயர் சார் போட்ட டெலிபோன் திட்டம்

சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களையும் அவற்றை இணைக்கும் கேபிள்களையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆபீஸ் முழுக்க அவருக்கு 'ஒயர் சார்' என்றுதான் பெயர். அதே ஆபீஸில், வாசலையொட்டிய கண்ணாடி அறையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் அவர் மனைவி, 'ஹலோ அக்கா'. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது அக்காவின் குரல். சரக்கு வந்து சேரவில்லையென்று எகிறுகிறவர்கள்கூட அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசியதும் கொஞ்சம் இறங்கி வந்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் உரிய ஆளுக்கு லைன் கொடுப்பார்.

ஒருநாள் மேனேஜர் ஒயர் சாரைக் கூப்பிட்டார். பழைய டெலிபோன் பெட்டியைத் தூக்கிவிட்டு, இன்டர்நெட் வழியாகவே பேசும் ஏற்பாட்டுக்கு மாறப்போகிறோம். என்ன சர்வர் வாங்குவது, நெட்வொர்க்கை எப்படிப் பிரிப்பது என்று நீங்களே திட்டம் போடுங்கள் என்றார். ஒயர் சாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவர் எழுந்திருக்கும்போதுதான் மேனேஜர் மிச்சத்தைச் சொன்னார். இனி மெஷினே பதில் சொல்லி லைன் கொடுத்துவிடும். ஆபரேட்டர் வேலை இருக்காது.

"முடிவாகிற வரைக்கும் வீட்டுல மூச்சு விடாதீங்க. விட்டா ரெண்டு பேருக்குமே சங்கடம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வெளியிலிருந்து யாராவது வந்து இதையே செய்துவிட்டுப் போவார்கள். இவர் நாற்காலியும் ஆட்டம் காணும். மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். ஒயர் சார் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

மாடிப்படிக்கு அடியில், ஜன்னலே இல்லாத சர்வர் அறையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். ஒரே சமயத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெரிய சர்வர் என்று முடிவு செய்ய முடியும். அது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. ராத்திரி சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தார். அக்கா தயங்காமல் சொன்னார். திங்கட்கிழமை காலையில் எல்லா லைனும் நிரம்பிவிடுமாம். மழை பெய்தால் லாரிகள் நின்றுவிடும், அன்றைக்குப் பாதிப்பேர் லைனுக்குக் காத்திருந்துவிட்டு போனை வைத்துவிடுவார்களாம். அடுத்த நாள் அத்தனையும் திட்டத்தில் ஏறியது. எழுதும்போது ஒயர் சாருக்குக் கை கூசியது.

தப்பிக்க வழி தேடாமல் இல்லை. மெஷினோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கென்று திட்டத்தில் ஓர் ஆபரேட்டர் இருக்கை போட்டார். மேனேஜர் அதை அடித்துவிட்டார். கேபிளெல்லாம் பழசு, குரல் விட்டுவிட்டுக் கேட்கும் என்று இழுத்தடித்துப் பார்த்தார். மேனேஜர் அன்றைக்கே புதுக் கேபிளுக்கு ஆர்டர் கொடுத்தார். மின்சாரம் போனால் போன் செத்துவிடும் என்றார். பெரிய பேட்டரி வந்து இறங்கியது. அவர் சொன்ன ஒவ்வொரு தடையும் வேலையை இன்னும் பக்காவாக்கியது.

ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

"சர்வர் விக்கிறவர் நாளைக்கு வர்றாராம். உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

ஒயர் சார் வண்டியை ஓரங்கட்டினார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"அவர் என்கிட்டதானே லைன் கேக்கறார். உங்களுக்கு லைன் கிடைக்கிற வரைக்கும் அவருக்கு வாய் சும்மா இருக்காது."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க திங்கட்கிழமை எப்படி இருக்கும்னு கேட்டீங்களே, அதுக்கு முன்னாடியே."

"அப்புறம் எதுக்கு எல்லாத்தையும் சொன்னே?"

"தப்பா சொன்னா நீங்கதானே மாட்டுவீங்க."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஒயர் சார் வண்டியைக் கிளப்பினார்.

புது ஏற்பாடு வந்தது. குரல் தெளிவாக இருந்தது. எல்லோரும் ஒயர் சாரைப் பாராட்டினார்கள். அக்காவை வீட்டுக்கு அனுப்பவில்லை. மாடியில் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனோடு உட்கார வைத்தார்கள். ஒயர் சாருக்கு அப்பாடா என்றிருந்தது.

அது நீடிக்கவில்லை. எந்த இருக்கை எவ்வளவு நேரம் பேசியது, எப்போது எழுந்து போனது என்பதையெல்லாம் அந்தச் சர்வர் குறித்துக்கொண்டே இருந்தது. வாரக் கடைசியில் அந்த அறிக்கையை மேனேஜருக்கு அனுப்புவது ஒயர் சாரின் பொறுப்பாயிற்று. முதல் வாரமே மேனேஜர் கூப்பிட்டார். பிரிவிலேயே அதிக நேரம் பேசுவது உங்கள் மனைவிதான். ஒரு புகாருக்கு இவ்வளவு பேச்சா, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். அறிக்கை வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று ஒயர் சார் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"உங்களை விட்டா இதுல யாருக்கு சார் கை வரும்?" என்றார் மேனேஜர்.

வீட்டில் சொன்னார். அக்கா கோபப்படவில்லை. இனிமேல் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன் என்றார். அப்படியே முடித்தும் கொண்டார். இப்போது வாரக் கடைசியில், ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் தவறாமல் கேட்பது ஒன்றுதான்.

"இந்த வாரம் நான் எப்படிங்க?"

"பரவாயில்ல," என்பார் ஒயர் சார், திரும்பிப் பார்க்காமல்.