ஒத்தையெழுத்து அக்காவும் தானாக நிரம்பும் கட்டமும்

எங்கள் மருத்துவமனையின் பதிவுக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவருக்கு ஒத்தையெழுத்து அக்கா என்று பெயர். நான் பக்கத்துக் கவுண்டரில் பரிசோதனை முடிவுகளை எடுத்துக் கொடுப்பவன். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அக்காவின் குடும்ப வரலாறு முழுவதும் எனக்கு அத்துப்படி. லாரி ஓட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கும் கணவர். தினமும் பதினொரு மணிக்கு போன் செய்து, "அண்ணன் சாப்பிட்டாரா?" என்று கேட்கும் நாத்தனார். அண்ணனுக்கு நேராகவே போன் செய்யலாம் என்பது அந்த அம்மாவுக்கு இன்னும் தோன்றவில்லை.

வருகிறவர் என்ன தொந்தரவு என்று சொன்னதும், அக்கா அதன் முதல் எழுத்தை மட்டும் அடித்து, டேப் விசையைத் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். காய்ச்சல் என்றால் ‘கா’. இருமல் என்றால் ‘இ’. தலைவலி என்றால் ‘த’. திரையைப் பார்க்கவே மாட்டார். கண் முழுக்க எதிரில் நிற்பவரின் முகத்தில் இருக்கும்.

"வாய் ஆயிரம் சொல்லும், மூஞ்சிதான் நெஜம் சொல்லும்" என்பார். ஒரு முறை, "சும்மா வாயுத் தொல்லைங்க" என்று சிரித்துக்கொண்டு நின்ற பெரியவரை வரிசையிலிருந்து இழுத்து, சக்கர நாற்காலியில் போட்டு உள்ளே தள்ளினார். அது மாரடைப்பு. அந்தப் பெரியவர் இன்றைக்கும் மாத்திரை வாங்க நடந்தே வருகிறார்.

அந்த ‘கா’வையும் ‘இ’யையும் டாக்டர்கள் படிப்பார்களா என்று கேட்காதீர்கள். உள்ளே போனதும் "என்ன பண்ணுது?" என்று முதலிலிருந்து கேட்பதுதான் வழக்கம். அந்தக் கட்டத்தை யாருமே படிப்பதில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் ஒரு சிக்கலும் வரவில்லை.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிர்வாகம் சும்மா விடுமா? புது மென்பொருள் வந்தது. அதைச் செய்தவர் டை கட்டி வந்து, நிர்வாக அதிகாரியின் ஏசி அறையில் படம் போட்டுக் காட்டினார். தொந்தரவு கட்டத்தில் ஓர் எழுத்து அடித்தால் போதும், அதில் தொடங்கும் எல்லாப் பெயரும் அகர வரிசையில் கீழே வந்து நிற்கும். டேப் தட்டினால் முதலில் நிற்பது தானாகக் கட்டத்தில் ஏறிவிடும். அதிகாரி கை தட்டினாராம். அங்கிருந்து பதிவுக் கவுண்டர் முப்பது அடி தூரம். அந்த முப்பது அடியை நடந்து வந்து அங்கே எப்படி வேலை நடக்கிறது என்று பார்க்க இரண்டு பேருக்குமே நேரம் இல்லை. பெரிய மனிதர்கள், பாவம்.

அக்கா வழக்கம்போல முகத்தைப் பார்த்தபடி ‘கா’ அடித்து டேப் தட்டினார். பட்டியலில் காய்ச்சலுக்கு முன்னால் காசநோய் நின்றது. இருமிக்கொண்டு வந்தவர்கள் இடுப்பு வலிக்காரர்கள் ஆனார்கள். தலைவலிக்குத் தடிப்பு. அது வேறு மழைக்காலம். அந்த மாதம் முழுக்க ஊருக்கே காய்ச்சல்.

மாதம் முடிந்ததும் கணினி அறிக்கை தயாரித்து மேலிடத்துக்குத் தானாகவே அனுப்பியது. யாருமே படிக்காத கட்டத்தை மேலிடம் படித்தது. ஒரே மாதத்தில் காசநோய், எழுநூற்று முப்பத்தெட்டு பேர். இரண்டு ஜீப்பில் முகக்கவசம் போட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். நாத்தனார் அன்றைக்கு ஒன்பது மணிக்கே போன் செய்து, அண்ணனைத் தனி அறையில் படுக்க வைக்கச் சொன்னார்.

யாரைப் பிடிப்பது? கட்டத்தில் எழுத்தை அடித்த கையைத்தான். அக்காவுக்கு மெமோ வந்தது. விசாரணையில் தவறு உறுதியானால், ஓய்வு பெறும் வரை மிச்சமிருக்கும் நாலு வருஷமும் கீழ்த்தளத்துப் பதிவேட்டு அறையில் வேலை.

"அங்க யார் மூஞ்சியைடா பார்ப்பேன்? பீரோவையா?" என்று ஓட்டை வழியாகக் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

விசாரணை ஏசி அறையில் நடந்தது. அதிகாரி, டை கட்டியவர், அக்கா, சாட்சியாக நான். விசாரணைப் படிவமும் இப்போது கணினியில்தான். டை கட்டியவர் போன வாரம்தான் செய்து கொடுத்திருந்தார். ஆறு வருஷத்துப் பழைய விசாரணைகளையும் அதில் ஏற்றியிருந்தார்.

அவர் தொடங்கினார்: "சார், மென்பொருள்ல எந்தக் குறையும் இல்ல. மேடம் ஸ்க்ரீனைப் பார்த்து செலக்ட் பண்ணியிருக்கணும்."

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, காரணம் என்ற கட்டத்துக்குப் போனார். ஒரு விரலால் ‘ஊ’ அடித்தார். அதற்குமேல் என்ன அடிக்க நினைத்தாரோ, வேலையே இல்லை. ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று முழுதாக வந்து நின்றது. டேப் தட்டினார்.

அக்கா அப்போதுதான் திரையைப் பார்த்தார்.

"சார், நான் இன்னும் வாயே தொறக்கல."

"நான் என்னம்மா பண்றது? ஒரு எழுத்துதான் அடிச்சேன். அதுவா வருது."

"அதைச் சொல்லத்தான் சார் நானும் வந்தேன்."

டை கட்டியவர் தன் செல்போனில் ஏதோ அவசரமாகத் தேடினார். அதிகாரி திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு ‘மெ’ என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை. ‘மென்’ என்று அடித்தார். அப்போதும் வரவில்லை. ஆறு வருஷ விசாரணைகளில் அந்தக் காரணத்தை ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது.

‘மென்பொருள் வடிவமைப்புக் கோளாறு’ என்பதை ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவர் அடித்து முடிக்கும் வரை நாங்கள் பொறுமையாக நின்றுகொண்டிருந்தோம்.