வெருகலாரின் இரண்டு ஏக்கர்

சல்லி என்கிற கடலோர ஊரில் கல்யாணம் முடிக்கிற வெளியூர் மாப்பிள்ளை, தாலி கட்டிய கையோடு தன் பெயரையும் மறந்துவிட வேண்டியதுதான். அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வந்தவனை அவனுடைய ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இந்த விஷயத்தில் அந்த ஊருக்கு அப்படியொரு பிடிவாதம். கட்டைபறிச்சானிலிருந்து வந்த ஒருவர் நாற்பது வருடம் அந்தக் கடற்கரையில் கிழிந்த வலை பொத்தி, பேரப்பிள்ளைகளைக் கண்டு கண்மூடினார். அன்றைக்கும் "கட்டைபறிச்சானார் மோசம் போயிட்டார்" என்றுதான் வீடு வீடாகச் சொன்னார்கள்.

இராசதுரை ஐம்பத்திரண்டாம் ஆண்டு வெருகலிலிருந்து வந்து இரத்தினேஸ்வரியைக் கைப்பிடித்தார். மறுநாள் காலையிலேயே வெருகலார் ஆகிவிட்டார். அவள் வெருகலாற்ற பெஞ்சாதி. சல்லி மணலிலேயே பிறந்து தவழ்ந்த மூன்று பிள்ளைகளும் வெருகலாற்ற பிள்ளையள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நல்லது கெட்டதுக்கு முதலில் அவரைத்தான் தேடுவார்கள். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குத்தல். பதினெட்டு வருடமாகியும் தன்னை வந்தவன் போனவனாகவே வைத்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் குறைப்படுவார். இரத்தினேஸ்வரி சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

வயல்காரன் மகனான அவருக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோணியில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். கரையில் நின்று கரைவலைக் கயிறு இழுத்துக் குடும்பத்தைப் பார்த்தார். கை மட்டும் எப்போதும் சேற்றையே நினைத்துக்கொண்டிருந்தது. வீட்டு வளவின் உப்பு மணலில் எரு போட்டு மிளகாய் நட்டுப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்கு மேல் அது வளரமாட்டேன் என்றுவிட்டது.

அப்படி இருக்கையில்தான், மேற்கே ஒரு சிறு குளத்துக்குக் கீழே அரசாங்கம் வயற்காணி பிரித்துக் கொடுக்கப்போகிறது என்ற கதை வந்தது. ஆளுக்கு இரண்டு ஏக்கர். அந்தப் பகுதியில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும். இராசதுரை முதல் ஆளாக விண்ணப்பம் போட்டார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இது தவறினால் இந்தப் பிறவியில் சொந்த வயலில் கால் வைக்கக் கிடைக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆட்களை நேரில் விசாரிக்கிற காணிக் கச்சேரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும் என்றார்கள். அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

கடிதம் வரத்தான் செய்தது. அன்றைக்குப் பார்த்து இரத்தினேஸ்வரி பட்டணம் போயிருந்தாள். இவர் கரையின் மறு தொங்கலில், கடைசிக் கோடியில், கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் புதிதாக வந்த தபாற்காரர், இராசதுரை என்பவர் யார் என்று கடற்கரையில் விசாரித்தார். விசாரித்தது வேறு யாரையும் அல்ல, இரத்தினேஸ்வரியின் கூடப்பிறந்த தம்பி சிவகுருநாதனை. அவன் பொறுப்பான ஆள். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பக்கத்தில் நின்ற நாலு பேரையும் கேட்டான். பிறகு, அப்படி ஒருவரும் இந்த ஊரில் இல்லை என்று உறுதியாகச் சொல்லி அனுப்பிவைத்தான். புண்ணியவான்! கடிதம் வந்த வழியே திரும்பிப் போனது.

நிலாவெளியிலிருந்து சைக்கிளில் கருவாடு எடுக்க வருகிற கலீலுர் றஹ்மானும் காணிக்கு எழுதிப்போட்டவர். நாளைக்குக் கச்சேரிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போவோமா என்று அவர் கேட்டபோதுதான் இராசதுரைக்கு விஷயமே தெரிந்தது. தனக்குக் கடிதம் வரவில்லையே என்று அவர் பதறினார். பக்கத்தில் நின்ற சிவகுருநாதனின் முகம் மெல்ல மெல்ல வெளிறியது.

"அத்தான், உங்கட பேர் இராசதுரையோ?"

இராசதுரைக்கு அவனை அடிக்கவும் கை வரவில்லை, சிரிக்கவும் வாய் வரவில்லை.

மறுநாள் சிவகுருநாதன் ஐந்து பேரைச் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டு அத்தானோடு புறப்பட்டான். அன்று சல்லியில் ஆளில்லாமல் ஒரு வலை கடலில் இறங்கவில்லை. கச்சேரி நடந்த பள்ளிக்கூட மண்டபத்தில் காணி அதிகாரி கோப்பைத் திறந்தார். திரும்பிப்போன கடிதம் மேலேயே குத்தப்பட்டிருந்தது. சல்லியில் குடியிருப்பதாக விண்ணப்பம் சொல்கிறது, அப்படி ஒருவர் இல்லையென்று சல்லிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள், எதை நம்புவது என்று அவர் கேட்டார். பிறகு ஆறு பேரையும் பார்த்து, இவர் யார் என்றார்.

ஆறு வாயும் ஒன்றாகச் சொன்னது: "வெருகலார்."

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. வெருகல்காரர் என்றால் மூதூர்ப் பக்கத்திலல்லவா கேட்க வேண்டும் என்று சொல்லிக் கோப்பை மூடினார். பதினெட்டு வருடமாகக் குத்திய சொல் கடைசியில் வயலையும் தின்றுவிட்டதே என்று இராசதுரை நினைத்தார். ஊரின் மேல் அப்படி ஒரு கோபம் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

சிவகுருநாதன் மேசைக்குக் கிட்டப் போனான்.

"ஐயா, வெருகலில போய் வெருகலார் எங்க எண்டு கேட்டுப் பாருங்கோ. சிரிப்பினம். அங்க எல்லாரும் வெருகலார்தானே. எங்கட ஊரில பொம்பிளை எடுத்து, எங்களோட இருக்கிறவரைத்தான் நாங்கள் அப்பிடிச் சொல்லுறது. சல்லியில இல்லாத ஆளுக்கு இந்தப் பேர் வராது ஐயா."

அதிகாரியும் எங்கேயோ பெண்ணெடுத்து ஊர்ப்பெயர் சுமந்தவர்தானோ என்னவோ, திடீரென்று சிரித்துவிட்டார். கோப்பை மறுபடி திறந்து எழுதத் தொடங்கினார்.

இராசதுரைக்கு அழுகை வரப்பார்த்தது. வயல் கிடைத்த சந்தோசம் பாதிதான். உலகத்திலேயே சல்லியில் மட்டும் செல்லுபடியாகிற ஒரு பெயரை வைத்துக்கொண்டு, தன்னை அந்த ஊர் சேர்க்கவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தாரே, அந்த வெட்கம் மீதி.

பத்திரம் தபாலில் வரும், விலாசம் சரிதானே என்று அதிகாரி கேட்டார்.

"விலாசம் சரி ஐயா. பேருக்குப் பக்கத்தில வெருகலார் எண்டும் ஒருக்கா எழுதிவிடுங்கோ," என்றார் இராசதுரை. "இல்லாட்டி வந்து சேராது."