தாய்மாமன் கொண்டுவந்த கிடா

குட்டிகளே, நல்ல ஆட்டுக்கறியை யாராவது வேண்டாம் என்பார்களா? போன ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னேன். அதுவும் மச்சான் கொண்டுவந்த கறியை!

என் மகள் யாழினிக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம். விருந்துக்குக் கிடாவும் அவர் சீர்தான். என் மனைவியின் அண்ணன் பேராவூரணியிலிருந்து கொழுகொழுவென்று ஒன்றை வேனில் ஏற்றி வந்தார். வாய்க்கால் கரையில் குலதெய்வத்துக்கு முன்னால் வெட்டி, துண்டும் போட்டாகிவிட்டது. அடுப்பில் அண்டா ஏற வேண்டியதுதான் பாக்கி...

அப்போதுதான் என் தங்கை கலா ஒரு சின்னக் கருவியோடு வந்தாள். கல்லூரி லேபில் அவளுக்கு அதில்தான் வேலை. பார்க்க சுகர் டெஸ்ட் மெஷின் மாதிரியே இருக்கும்.

"என்னம்மா, ஆட்டுக்கு சுகரா?" — மச்சான் கிண்டலடித்தார்.

"சும்மா, பிள்ளைங்களுக்குக் காட்டத்தான் மாமா."

கறியை நசுக்கி எடுத்த சாற்றில் ஒரு துளியை, கருவியில் செருகியிருந்த மெல்லிய பட்டையில் விட்டாள். ஆன்டிபயாடிக் மருந்தைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் அந்தப் பட்டையில் தடவியிருக்கிறது. மருந்து மாட்டினால் பட்டையில் ஓடும் மின்சாரம் மாறும். கருவி அதை எண்ணாகக் காட்டிவிடும். அவ்வளவுதான். பெயர்தான் நீளம் — மின்வேதி பயோசென்சார்!

எண் ஏறியது. இன்னொரு பட்டை போட்டாள். அதிலும் ஏறியது.

"மாமா, ஆட்டுக்கு ஊசி போட்டீங்களா?"

"மூக்கு ஒழுகிட்டு நின்னுச்சும்மா. சீர் ஆடு சபையில சோந்து நின்னா என் மானம் என்னாவறது? மெடிக்கல்ல கேட்டு நானே போட்டேன். நேத்துகூடப் போட்டேனே!"

ஊசி போட்டால், மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை ஆட்டை வெட்டக் கூடாது. சீர் அவசரத்தில் அதை யார் யோசித்தார்கள்?

"வேக வெச்சாப் போயிடாதா?" என்றேன்.

"நம்ப முடியாதுண்ணே. எவ்வளவு இருக்குன்னு லேப்ல பாத்தாத்தான் தெரியும்."

இப்படி மருந்து கொஞ்சம் கொஞ்சமாக நமக்குள் போனால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிறகு நிஜமாகவே நோய் வரும்போது அதே மருந்து கேட்காமல் போகலாம். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். முதல் பந்தியில் உட்காரப் போவது யார்? உங்களை மாதிரிப் பிள்ளைகள்!

"கறி வேணாம் மச்சான்."

"என் சீரைத் தள்ளுறீங்களா மாப்ள?" விறுவிறுவென்று போய் வேனைக் கிளப்பினார். "அண்ணே... அண்ணே..." என்று என் மனைவி பின்னாலேயே ஓடினாள்.

மாமன் போனால் மடி இல்லை. மடி இல்லையென்றால் காதுகுத்து ஏது? அவர் முகத்துக்காக அண்டாவை ஏற்றிவிடலாமா? ஒரு நிமிஷம் மனசு தடுமாறியது. இல்லை... மாட்டேன்!

வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். "கறிதான் வேணாம்னேன். உங்க மடி வேணும் மச்சான்."

அவர் இன்ஜினை நிறுத்தினார்.

அந்த மடியில் உட்கார்ந்து யாழினி ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதாள். கறியைக் குழி தோண்டிப் புதைத்தோம். பந்தியில் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும்தான். "கறி எங்கப்பா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சாம்பார் வாளியோடு மச்சானே பதில் சொன்னார்:

"ஊசி போட்டது ஆட்டுக்கு. பத்தியம் நமக்கு!"