கட்டில் நாடாவும் கார்ப் பட்டையும்

இந்த நாட்டில் மோட்டார் கார் சில சமயம் முதுகைக் காட்டிக்கொண்டு மேடேறும் என்று எழுதினால் ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஈப்போ சாலைக்குப் போக ஒரு செங்குத்தான செம்மண் மேட்டைத் தாண்ட வேண்டும். அங்கே வந்ததும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரான என் வீட்டுக்காரர் காரைத் திருப்பி நிறுத்தி ரிவர்ஸில் ஏற்றுவார். பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் ஒதுங்கி நின்று எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நாங்களும் அவர்களைப் பார்த்தபடியே விலகிப் போவோம்.

ஊர் திரும்பிய ஒரு துரை விட்டுச்சென்ற பழைய கார் அது. மேட்டில் முதல் வேகத்தில் மிதித்தால் இஞ்சின் உறுமும், வண்டி அசையாது. ரிவர்ஸ் மட்டும் பிடித்தது. போன வாரம் அதுவும் பாதி மேட்டில் வழுக்கி, எங்களைப் பள்ளத்தின் ஓரம்வரை கொண்டுபோனது. எட்டு மாத ஜெயமணி மடியில் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு ஈப்போவை ஒட்டிய சிலிபின் தேவாலயத்தில் அவளுக்கு ஞானஸ்நானம். தமிழ்ப் போதகர் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுபவர், மறுநாளே சித்தியவானுக்குப் போய்விடுவார். மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குக் கிளம்பினால் ஈப்போ ரயிலைப் பிடிக்க முடியாது. பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் தாமதிக்காமல் ஞானஸ்நானம் கொடுப்பதாக நான் ஜெபித்திருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு முறை தேதி தவறிவிட்டது.

"ரிவர்ஸ்லயே மெதுவாப் போலாம், எஸ்தர். பயப்படாதே லா" என்றார் அவர், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு.

"பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு மறுபடியும் அந்தப் பள்ளத்தைப் பார்க்க என்னால ஆகாதுங்க."

சனிக்கிழமை காலையே காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். பாளையங்கோட்டைப் பள்ளியில் நான் படித்த ஆங்கிலமெல்லாம் வேதவசனமும் தையல் குறிப்பும்தான். அப்போது கலெக்டர் கார் வந்தால் நாங்கள் ஜன்னலுக்கு ஓடுவோம், டீச்சர் ஸ்கேலோடு பின்னால் வருவார். அதே ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு காரின் வயிற்றைத் திறப்பேன் என்று யார் நினைத்தது? சரியாகத்தான் புரிந்துகொள்கிறேனா என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன்.

கியர் பெட்டிக்குள் மூன்று உருளைகள் சுழல்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் இரும்புப் பட்டை, அதன் உட்புறம் கனத்த பருத்தி நாடா. மிதித்தால் பட்டை உருளையைக் கவ்வும், வண்டி நகரும். வழுக்கினால் முதலில் வெளித் திருகை இறுக்கிப் பார்க்கச் சொன்னது புத்தகம். அவர் கடைசிவரை திருகினார், பயனில்லை. பெட்டியின் மூடியைக் கழற்றினோம். கருகிய வாடை வந்தது. முதல் வேகத்துப் பட்டையில் நாடா காகிதமாகத் தேய்ந்து, ரிவெட்டுகள் பல்லிளித்தன.

"புது நாடா ஈப்போவுலதான் கிடைக்கும்" என்றார் அவர், தலையில் கைவைத்து.

ஈப்போவுக்குப் போகத்தானே இத்தனை பாடு! என் கண் உள்ளறையில் இருந்த நாடாக் கட்டிலில் நின்றது. கப்பலில் கூடவே வந்த கட்டில். அதன் நாடாவும் பட்டையின் அதே அகலம், நல்ல முறுக்குப் பருத்தி. எங்கள் ஊர்க்காரி ஒருத்திக்குத்தான் இந்தக் கிறுக்குத் தோன்றும்.

"இது மாட்டு வண்டி இல்ல லா, கட்டில் கயிறு போட்டு ஓட்ட!"

"வேற வழி சொல்லுங்க, கட்டிலைத் தொடல."

வழியில்லை. நான் நாடாவை இரண்டு அடுக்காக வைத்து நெருக்கமாகத் தைத்து எண்ணெயில் ஊறப்போட்டேன். ரிவெட் அடிக்க, தோட்டத்துப் பால் வாளிகளைப் பழுதுபார்க்கும் சீனர் ஆ சோங்கை அழைத்தோம். வந்தவர் பட்டையைப் பார்த்தார், பாதி உரிந்த கட்டிலைப் பார்த்தார், பிரம்பு எடுத்துவந்து கட்டிலைப் பின்ன ஆரம்பித்துவிட்டார். நான் பதறி, "புக்கான், புக்கான்! கெரெத்தா!" என்று, அது இல்லை, கார்தான் என எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிக் காரைக் காட்டினேன். அவர் தலை நிமிராமல், "அனாக் தீடோர் மானா?" என்றார். பிள்ளை எங்கே தூங்கும் என்கிறார். கட்டிலை முடித்துவிட்டுத்தான் பட்டையைத் தொட்டார்.

எல்லாம் பூட்டி முடிக்க மாலையாகிவிட்டது. அதிகம் இறுக்கினால் கார் கிளப்பும்போதே பாயும் என்று புத்தகத்தில் ஒரு வரி. "சக்கரத்துக்கு முன்னால கல்லு வையுங்க" என்றேன்.

"படிச்ச பொண்ணைக் கட்டுனா இதான் தொல்லை" என்று முனகிக்கொண்டே இரண்டு கல் வைத்தார். முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினார். இஞ்சின் பிடித்ததும் கார் துள்ளிக் கல்லில் முட்டி நடுங்கியது. அவர் ஒரே தாவில் ஓரத்து வாய்க்காலில் போய் நின்றார்.

"ரெண்டு கல்லு போதுமா, இன்னும் வேணுமா?"

"என் காலு தப்பிச்சுச்சுடி. நாளைக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வா."

திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் கார் அடங்கியது.

மறுநாள் மேட்டடியில் அவர் காரைத் திருப்பவில்லை. நான் பிள்ளையை அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நாடா இற்றுப்போகுமோ, தையல் விடுமோ, நான் படித்ததே தப்போ? இஞ்சின் உறுமியது. உறுமலோடு வண்டியும் ஏறியது.

"கண்ணைத் திற. மேடு எப்பவோ முடிஞ்சுபோச்சு."

சிலிபினை அடைந்ததும் நாடா கொஞ்சம் படிந்திருக்கும் என்று திருகை மறுபடி சரிபார்த்தார். ஸ்பானரை நான்தான் பிடித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினோம், பாட்டு தொடங்கியிருந்தது. தண்ணீர் தலையில் பட்டதும் ஜெயமணி அழவில்லை, போதகரின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "நீங்களே எழுதுங்கம்மா" என்றார் போதகர். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயரை எழுதினேன். அடுத்தது சொந்த ஊர். பேனா நின்றது. அவள் பார்த்திராத ஊரை அவளுடையது என்று எழுதலாமா? எழுதாவிட்டால் என் தாய்க்கு என்ன பதில் சொல்வேன்?

"மை காயுதும்மா" என்றார் போதகர்.

பாளையங்கோட்டை என்று எழுதினேன், அழகாகவே எழுதினேன். கையை எடுத்தபோதுதான் பார்த்தேன்: அந்தப் பெயரின் மேலேயே என் கட்டைவிரல் எண்ணெய்க் கறையாகப் பதிந்திருந்தது. கைக்குட்டையால் ஒற்றினேன். அது இன்னும் கொஞ்சம் பரவியது.