லிஃப்டுக்குள் கேட்ட கச்சேரி

அன்று காலையிலிருந்தே எங்கள் தென்னூர் வீட்டின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. தெருக்கோடி மைதானத்தில் இசைவிழா. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம். கானா, ராப், பறையோடு சேர்ந்த கம்ப்யூட்டர் இசை, காதைப் பிளக்கும் கிதார் என்று ஒவ்வொரு குழுவாக வந்து ஸ்பீக்கரைச் சோதித்துவிட்டுப் போனார்கள். மாலையில் என் மகளின் குழுவுக்கும் மேடை இருந்தது.

காலேஜில் கூடப் படிக்கும் மூன்று பெண்களும் அவளும் சேர்ந்து தொடங்கிய குழு. இவள் கீபோர்டு. வீட்டில் எப்போதும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பழகுவாள். ஆகவே எனக்குக் கேட்டதெல்லாம் கட்டைகள் அழுந்தும் டக் டக் சத்தம் மட்டுந்தான். ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் கணவர், அன்று கடையை முன்னதாகவே சாத்திவிட்டு நேராக மைதானத்துக்குப் போய் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

கீபோர்டும் அதன் ஸ்டாண்டும் நல்ல கனம். அதனால்தான் மூன்றாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கினோம். இல்லாவிட்டால் நான் அந்தப் பழைய இரும்புக் கிராதிக் கதவுப் பக்கமே போகமாட்டேன். மூடிய இடம் என்றால் எனக்கு ஆகாது. பஸ்ஸில்கூட வாசலோரமாகத்தான் உட்காருவேன்.

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது.

"கரண்ட் போயிடுச்சும்மா. இப்ப ஜெனரேட்டர் போடுவாங்க" என்றாள் மகள்.

ஜெனரேட்டர் ரிப்பேர் என்று வாட்ச்மேன் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் போன் டார்ச்சை அடித்தாள். கிராதிக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் பூசாத சிமென்ட் சுவர். தலைக்கு மேலே மட்டும், இரண்டாவது மாடித் தரைக்கும் லிஃப்டின் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அது வழியாக மங்கலான வெளிச்சமும் மைதானத்துச் சத்தமும் உள்ளே வந்தன. விழாவுக்குத் தனி ஜெனரேட்டர்.

இருவரும் மாறி மாறிக் கத்தினோம். வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. எல்லாரும் விழாவில். வாட்ச்மேனும் அங்கேதான் இருந்திருப்பார். என் கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? தோழிகளுக்கு அனுப்பிய மெசேஜ் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

எனக்கு மூச்சு மேலேயே நின்றுவிட்டது. கழுத்தெல்லாம் வியர்வை. கிராதியைப் பிடித்து உலுக்கினேன். லிஃப்ட் லேசாக ஆடியதும் இன்னும் பயம் வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுவர் என்னை நோக்கி நகர்ந்து வருவது போலிருந்தது. இல்லை என்று தெரிந்தும் கையை நீட்டி அதைத் தடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மைக்கில் அறிவிப்பு வந்தது. "அடுத்ததா நம்ம திருச்சிப் பொண்ணுங்க, நாலு பேர்..."

மகள் தலையைத் தூக்கிக் கேட்டாள். மேடையில் சலசலப்பு. அறிவிப்பாளர் ஏதோ ஜோக் அடித்து நேரத்தை ஓட்டினார். பிறகு டிரம்ஸ் தொடங்கியது.

"ஆரம்பிச்சிட்டாங்கம்மா" என்றாள். அழவில்லை. குரல் மட்டும் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது.

அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியது நான்தான். ஆனால் என் பற்கள் கிட்டித்துப்போயிருந்தன. அவள் என் முகத்தில் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பிறகு போனைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, உறையின் ஜிப்பைத் திறந்து கீபோர்டை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இது பேட்டரியிலயும் ஓடும். நீ சுவத்தப் பாக்காதம்மா. என் கையப் பாரு."

வாசித்தாள். மேலே இடைவெளியில் வந்த பாட்டோடு அவளுடைய பாகம் வந்து சேர்ந்தது. இத்தனை மாதமாக டக் டக் என்று மட்டும் கேட்ட விரல்களிலிருந்து இப்படி ஒரு ஒலியா என்று இருந்தது. நான் கையைப் பார்த்தேன். மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியது.

பாட்டின் நடுவில் திடீரென்று கிதாரும் குரலும் நின்றன. டிரம்ஸ் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனது.

"என்னடி ஆச்சு?"

"இது என் இடம்மா. நான் மட்டும் வாசிக்கிற இடம். எனக்காகக் காலியா விட்டிருக்காங்க."

அந்தக் காலி இடம் முழுவதையும் அவள் வாசித்தாள். வெளியே கூட்டம் ஒன்றும் புரியாமல் விசிலடித்தது. எனக்கு அழுகை வந்தது, பயம் போகவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. எனக்காக வாசித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். எங்களைக் காணாமல் தேடி வந்த என் கணவர், சுவருக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத் திகைத்து நின்றிருக்கிறார்.

"உள்ள யாரு வாசிக்கிறது? நீயா பாப்பா?"

ஓடிப்போய் வாட்ச்மேனைக் கூட்டி வந்தார். மொட்டைமாடி மெஷின் ரூமில் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை முதல் மாடிக்கு இறக்கினார்கள். கதவு திறந்ததும் நான் தவழ்ந்தேதான் வெளியே வந்தேன்.

"கைதட்டு பலமா இருந்துச்சு பாப்பா" என்றார் அவர், ஆறுதலாகத்தான்.

"நான் இல்லாமயே" என்றாள் அவள்.

அவர் கீபோர்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். படியிறங்கி மைதானத்துக்குப் போனோம். மேடையில் வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை வாய்ப்புக் கேட்டுப் பார்த்தார் அவர். நேரமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

மேடைக்குப் பக்கத்திலிருந்து அவள் தோழிகள் கையசைத்தார்கள். நடுவே அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்குள் அவள் நுழைந்தாள். ஒரு நிமிடம் அவள் முதுகு தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. அவரும் கீபோர்டோடு பின்னாலேயே போனார். "நீயும் வா" என்று கை நீட்டினார். அந்த நெரிசலுக்குள் நுழைய என்னால் முடியவில்லை. மைதானத்துக் கேட்டுக்கு வெளியே, வெறும் தெருவில் நின்று, அன்றைய மீதிப் பாட்டையெல்லாம் கேட்டேன்.